ஊசிக்கு முன் கேட்க வேண்டியவை

(மகாவீரர் ஜெயந்தி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



 பழைய இராமநாதபுரம் மாவட்டத்து அனுமந்தக்குடியில் தொன்மையான சமணக் கோயில் உண்டு. ஆதலின், இக்கரைச் சீமை நம்மவர்க்குப் புதிதன்று. உறவினர் வீட்டுக்கு வந்திருப்பதாகவே கருதுங்கள்.

இம்மேடையில் வழக்கமாகச் சிந்தாமணியைப் பற்றியோ நாலடியாரைப் பற்றியோ பேசுபவன் நான். இவ்வாண்டு புரோஸ்டேட் புற்றுநோய் மருத்துவமும் மாரடைப்பும் பற்றிப் பேசுகின்றேன் என்று சொன்னபோது, "ஐயா, விழா நாளில் நோயைப் பற்றியா?" என்று அன்பர் ஒருவர் தயங்கினார். நம் சமயம் இல்லறத்தார்க்கு வகுத்த தானங்கள் நான்கு: ஆகார தானம், அபய தானம், ஔடத தானம், சாத்திர தானம். நோயுற்றார்க்கு மருந்து தருதல் ஔடத தானம். அறிவு தருதல் சாத்திர தானம். மருந்தைப் பற்றிய அறிவைப் பகிர்ந்தால் இரண்டும் ஒருங்கே நிகழுமல்லவா? அத்துணிவில் பேசுகின்றேன்.

நான் மருத்துவன் அல்லேன். தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் தமையனார் சில ஆண்டுகளாக இம்மருத்துவம் பெற்று வருகின்றார். ஊசி போடும் நாள்தோறும் அவரோடு மதுரைக்குச் சென்று வருபவன் என்ற முறையில், மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் அறிந்தவற்றையே உங்கள் முன் வைக்கின்றேன்.

புரோஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே அமைந்த சிறு சுரப்பி. முதுமையில் அது பருப்பது இயல்பு. சிலர்க்கு அதில் புற்றுநோய் தோன்றுகின்றது. இரவில் பலமுறை எழுதல், சிறுநீர் தடைப்படுதல் போன்ற குறைகளை நம் வீட்டுப் பெரியவர்கள் மகனிடமும் சொல்வதில்லை. மருமகளிடம் சொல்லவே மாட்டார்கள். வெட்கத்தால் நோய் முற்றியபின் மருத்துவரைக் காண்போர் பலர். அவர்களுக்கு மருத்துவர் பெரும்பாலும் தொடங்குவது ஹார்மோன் மருத்துவமாகும். டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனே இப்புற்றுநோய்க்கு உணவு. அதனைக் குறைத்தால், எண்ணெய் வற்றிய விளக்கின் சுடர் அடங்குவது போல, நோய் அடங்குகின்றது.

இவ்வுண்மையை 1941-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்பார் நிறுவிக் காட்டினார். விதைகளை அறுவையால் நீக்கியோ பெண் ஹார்மோனைக் கொடுத்தோ புற்றுநோயைச் சுருங்கச் செய்யலாம் என்று மெய்ப்பித்தமைக்காக 1966-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். அடுத்து நிகழ்ந்ததே இன்றைய என் பேச்சுக்கு அடிப்படை. டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கைப் பெண் ஹார்மோனை நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் என்று பல நோயாளிகளுக்குக் கொடுத்தனர். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் பல சேர்ந்து ஆராய்ந்து 1967-இல் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகைத் திடுக்கிடச் செய்தது. மருந்து புற்றுநோய் மரணங்களைக் குறைத்தது. ஆனால் அந்த ஆதாயத்தை இதய, இரத்தக்குழாய் மரணங்கள் விழுங்கிவிட்டன. பின்னர் அளவை 1 மில்லிகிராமாகக் குறைத்துப் பார்த்தபோது, புற்றுநோய் அவ்வளவே கட்டுப்பட்டது. இதயத்துக்கு நேர்ந்த தீங்கு குறைந்தது.

கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்று பெயரிட்டதை இவ்விடத்தில் நினைக்கின்றேன். ஏலாதிச் சூரணத்தில் ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரண்டு, சிறுநாகப்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என்பது கணக்கு. பங்கு மாறினால் சூரணம் மருந்தாகாது. நம் முன்னோர் கடைச்சரக்கில் கண்ட இவ்வளவு நெறியைத்தான் மேலை நாட்டார் 5 மில்லிகிராமிலும் 1 மில்லிகிராமிலும் பெருவிலை கொடுத்துக் கற்றனர்.

இப்போது பெருவழக்காக உள்ள ஊசிகள் வேறு வகையின. மூளையின் அடிப்புறத்திலிருந்து ஒரு தூது நீர் சுரந்து, பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகின்றது; பிட்யூட்டரியின் ஏவலால் விதைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. அத்தூது நீரின் அமைப்பை 1971-இல் ஆண்ட்ரூ ஷாலி குழுவினர் கண்டறிந்தனர். 1977-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதனை ஒத்த செயற்கை மருந்தே லியூப்ரோலைடு. 1985-இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. ஓயாது கதவைத் தட்டினால் உள்ளிருப்பவர் காதைப் பொத்திக்கொள்வது போல, இவ்வூசி தொடர்ந்து தூண்டுவதால் பிட்யூட்டரி அடங்கிவிடுகின்றது. அதனால் முதல் ஓரிரு வாரங்களில் ஹார்மோன் சற்றே உயர்ந்து, பிறகு தாழும். டெகாரெலிக்ஸ் ஊசியும் ரெலுகோலிக்ஸ் மாத்திரையும் தட்டாமல் நேரே தாழிடும் வகை. அவற்றில் அந்த முதல் ஏற்றம் இல்லை.

இயல்பான ஆணுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 300 முதல் 1000 நானோகிராம் வரை டெஸ்டோஸ்டிரோன் இருக்கும். மருத்துவம் பெறுவோர்க்கு அது 50-க்குக் கீழே இறங்க வேண்டும். புற்றுநோய் ஒடுங்குவதற்கு வேண்டிய இறக்கம் அது. ஆயினும், அந்த ஹார்மோன் உடம்பில் வேறு பல பணிகளையும் செய்து வந்தது. அது நீங்கியதும் தசை மெலிகின்றது. வயிற்றில் கொழுப்புச் சேர்கின்றது. இன்சுலின் சரிவரச் செயற்படாமற் போகின்றது. இரத்தக் கொழுப்பு ஏறுகின்றது. லியூப்ரோலைடு பெற்றவர்களை 48 வாரங்கள் அளந்து பார்த்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. உடற்கொழுப்பு 9.4 விழுக்காடு கூடியது; கொழுப்பு நீங்கிய உடலெடை 2.7 விழுக்காடு குறைந்தது. பெரியவர் உடம்பு தேறிவிட்டார் என்று வீட்டார் மகிழும் அந்தத் தொந்தி, உண்மையில் இதயத்துக்கு ஏறும் சுமை.

இச்சுமை மாரடைப்பாக முடிகின்றதா என்பதே வினா. 66 வயதும் அதற்கு மேலும் ஆன 73,196 அமெரிக்க நோயாளிகளின் பதிவேடுகளை நான்சி கீட்டிங் என்னும் மருத்துவர் குழுவாக ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டார். இவ்வகை ஊசி பெற்றவர்களுக்குச் சர்க்கரை நோய் 44 விழுக்காடும், இதயத் தமனி நோய் 16 விழுக்காடும், மாரடைப்பு 11 விழுக்காடும், திடீர் இதய மரணம் 16 விழுக்காடும் மிகுதியாகக் காணப்பட்டன. 2010-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இவ்வெச்சரிக்கையை மருந்தின் குறிப்பேட்டில் அச்சிடுமாறு ஆணையிட்டது.

மறுபக்கத்தையும் சொல்லுதல் கடமை. பதிவேடுகளைப் புரட்டுவது ஒருவகை ஆய்வு. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிப் பார்ப்பது அதனினும் உறுதியான ஆய்வு. அத்தகைய எட்டு ஆய்வுகளில் இருந்த 4,141 பேரின் கணக்கை 2011-இல் தொகுத்துப் பார்த்தனர். ஹார்மோன் மருத்துவம் பெற்றவர்களுள் இதய நோயால் இறந்தோர் 11.0 விழுக்காடு, பெறாதவர்களுள் 11.2. மாரடைப்பு மரணம் கூடவில்லை. புற்றுநோய் மரணமோ குறைந்தது. ஆகவே, என் பேச்சைக் கேட்டு யாரேனும் வீட்டுக்குப் போய் ஊசியை நிறுத்திவிட்டால், நான் செய்தது ஔடத தானம் ஆகாது, உயிர்க்கேடு ஆகும். இரு ஆய்வுகளையும் சேர்த்து மருத்துவர்கள் உணர்த்துவது, எல்லார்க்கும் இடர் ஒரே அளவினது அன்று என்பதே. முன்னரே மாரடைப்புக் கண்டவர், ஸ்டென்ட் வைத்தவர், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர் ஆகியோரே மிகுந்த கவனத்துக்கு உரியவர்.

எந்த மருந்து இதயத்துக்கு இதமானது என்ற ஆராய்ச்சியும் நடந்து வருகின்றது. 2020-இல் வெளிவந்த ஹீரோ என்னும் ஆய்வில் 930 பேர் பங்கேற்றனர். ரெலுகோலிக்ஸ் உண்டவர்களுள் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றுள் ஒன்றைச் சந்தித்தோர் 2.9 விழுக்காடு; லியூப்ரோலைடு பெற்றவர்களுள் 6.2 விழுக்காடு. இரண்டுமே டெஸ்டோஸ்டிரோனைத் தாழ்த்துபவை. விளைவில் மட்டும் வேறுபாடு தெரிந்தது. ஆனால் 2021-இல், ஏற்கெனவே இரத்தக்குழாய் நோயுள்ள 545 பேரிடம் டெகாரெலிக்ஸையும் லியூப்ரோலைடையும் ஒப்பிட்ட புரோனவுன்ஸ் ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எதிர்பார்த்த எண்ணிக்கை சேராமையால் அது இடையிலேயே நிறுத்தவும் பட்டது. இவ்வழக்கில் தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை. இதய நோயுள்ளவர் மருந்தின் வகையைப் பற்றி மருத்துவரிடம் கேட்பதற்கு இவ்வளவு செய்தி போதும்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். புலால் உண்ணாதவர்க்கு மாரடைப்பு வாராது என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியுள்ளது. நெய்யும் வெல்லமும், எண்ணெயில் பொரித்த பலகாரமும், மூன்று வேளை வெண்சோறும் சைவ உணவுதான். இதயம் அந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை. இப்பகுதியில் கருப்பட்டி மலிவு. கருப்பட்டிக் காப்பி சர்க்கரையை ஏற்றாது என்று சொல்லிக்கொண்டு நாளுக்கு நான்கு குவளை பருகுவோர் உண்டு. கருப்பட்டியும் சர்க்கரையே. ஊறுகாயிலும் அப்பளத்திலும் வற்றலிலும் உள்ள உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றும்.

இதற்கு மருந்து நம் ஆகமத்திலேயே இருக்கின்றது. புறத்தவம் ஆறனுள் அநசனம் என்னும் முழு உபவாசத்தை மட்டுமே நாம் பெரிதாகப் போற்றுகின்றோம். அடுத்து நிற்பது அவமௌதரியம். வயிறு நிறையுமுன் கையை எடுத்தல். மற்றொன்று ரஸ பரித்தியாகம். பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம், உப்பு என்னும் சுவைப் பொருள்களுள் சிலவற்றையோ அனைத்தையுமோ துறத்தல். நெய், எண்ணெய், வெல்லம், உப்பு ஆகியவற்றைக் குறையுங்கள் என்று இதய மருத்துவர் எழுதித் தரும் தாளும் இந்தப் பட்டியலும் எவ்வளவு ஒத்திருக்கின்றன! ஹார்மோன் மருத்துவம் பெறும் பெரியவர்க்கு ஏற்ற நோன்பு இவ்விரண்டுமே என்பது என் பணிவான கருத்து. தசை மெலியாதிருக்கப் பயறும் பருப்பும் போதிய அளவு வேண்டும். பாலை விடுவதாயின் மருத்துவரைக் கேட்டே விடுதல் நன்று.

அட்டமியிலும் சதுர்த்தசியிலும் முழு உபவாசம் இருக்கும் பெரியவர்கள் ஒன்றைக் கருத வேண்டும். சர்க்கரை மாத்திரையை வழக்கம் போல் உண்டுவிட்டு உணவை விட்டால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். அபிராடிரோன் என்னும் மாத்திரையைச் சிலர்க்கு ஊசியுடன் சேர்த்துத் தருகின்றனர். அது வெறும் வயிற்றில் உண்ண வேண்டியது. இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும் இயல்புடையது. அதனுடன் தரப்படும் பிரெட்னிசலோனைத் திடீரென நிறுத்துதல் ஆபத்து. கதிரவன் மறைந்தபின் நீரும் அருந்தாத நெறியுடையோர் அதனை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். பகற்பொழுதுக்குள் மாத்திரை நேரங்களை அமைத்துத் தர அவரால் இயலும். நாம் சொல்லாதபோது அவர் எப்படி அறிவார்?

அகிம்சை பற்றியும் சில பெரியவர்கள் கேட்கின்றனர். ஷாலியின் ஆய்வுக் காலத்தில் அத்தூது நீரைப் பிரித்தெடுக்கப் பெருந்தொகையான பன்றிகளின் மூளைப் பகுதிகளைப் பயன்படுத்தியது உண்மையே. இன்றைய லியூப்ரோலைடு, டெகாரெலிக்ஸ், ரெலுகோலிக்ஸ் யாவும் வேதியியல் முறையில் ஆக்கப்படுபவை. சில மருந்துகளின் உறையிலும் சேர்க்கையிலும் ஜெலட்டின் இருத்தல் கூடும். மாற்று உண்டா என்று கேட்டுப் பெறலாம். நோய் அசாதா வேதனீய கர்மத்தின் உதயம், ஆதலின் மருந்து வேண்டா என்பாரும் உளர். கர்மத்தை அவ்வாறு விளக்கிய அதே சமயந்தான் ஔடத தானத்தையும் விதித்தது. மருந்து தருதல் அறமாயின், பெறுதல் எங்ஙனம் குற்றமாகும்?

இக்கடற்கரையில் வாழ்வோர்க்குச் சிறப்பாக ஒன்று சொல்ல வேண்டும். மாரடைப்பில் நேரமே உயிர். இராமேசுவரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். பாம்பன் சாலைப் பாலம் 1988-இல் திறக்கப்படும் வரை அத்தீவிலிருந்து நோயாளியைக் கொண்டுவரத் தொடர்வண்டியையும் படகையுமே நம்பியிருந்தனர். இன்று சாலை உண்டு. 2022-இல் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. 2023-இல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பெறலாம். ஆதலின், நேரே மதுரைக்கு என்று வாடகை வண்டி தேடிக் காலங்கடத்தாமல், 108-ஐ அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு முதலில் செல்லுங்கள். இராமேசுவரம் தந்த அப்துல் கலாம் அவர்கள், 1998-இல் மருத்துவர் சோம ராஜுவுடன் இணைந்து எளியோர்க்கும் எட்டும் விலையில் இதய ஸ்டென்ட் உருவாக்கினார்கள். அப்பெருமகனாரின் மண்ணில் ஒருவர் வாயுப்பிடிப்பு என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துக்கொண்டே உயிர் விடுதல் தகுமா?

இம்மருத்துவம் பெறுவோர்க்கு உடம்பில் திடீர் வெப்பமும் வியர்வையும் அடிக்கடி வரும்; முகம் சூடாகிச் சில நிமிடங்களில் தணிந்துவிடும். இதற்குப் பழகிய வீட்டார், மாரடைப்பின் வியர்வையையும் அதுவே என்று இருந்துவிடக் கூடாது. குளிர்ந்த வியர்வை, நெஞ்சில் பாரம், தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே புறப்படுங்கள். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம்.

நிறைவாக, முதல் ஊசிக்கு முன் மருத்துவரிடம் பேச வேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்கின்றேன். மலரில் அச்சாகும்போது இப்பகுதியை வெட்டி எடுத்து மருத்துவச் சீட்டுகளோடு வைத்துக்கொள்ளுங்கள்.

1. நோயாளிக்கு முன்பு மாரடைப்போ, பக்கவாதமோ, ஸ்டென்டோ, மயக்கமோ இருந்ததா என்பதை நாமே எடுத்துச் சொல்லுதல். இப்போது உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் காட்டுதல். இவ்வூசிகளோடு சேரும்போது இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கும் மருந்துகள் சில உண்டு.

2. இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தக் கொழுப்பு, ஈ.சி.ஜி. ஆகியவற்றை ஊசிக்கு முன்னரே பார்க்கலாமா என்று கேட்டல்.

3. இதய நோய் இருப்பின், எந்த வகை மருந்து பொருந்தும், இதய மருத்துவரையும் காண வேண்டுமா என்று கேட்டல்.

4. மருத்துவம் எத்தனை மாதம் அல்லது எத்தனை ஆண்டு என்று கேட்டல். சிலர்க்குக் குறுகிய காலமே போதும்; சிலர்க்கு வாழ்நாள் முழுதும் வேண்டும். விதைகளை அகற்றும் அறுவையைச் செலவு கருதித் தேர்வோரும் ஹார்மோன் தாழ்வால் சர்க்கரை நோய் வரக்கூடும் என்று விழிப்பாகவே இருக்க வேண்டும்.

5. அடுத்தடுத்த ஊசிக்குப் போகும்போது பி.எஸ்.ஏ. எண்ணை மட்டும் பார்க்காமல் எடை, இடுப்பளவு, அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றையும் ஒரே குறிப்பேட்டில் எழுதி வருதல். அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகின்றனர்; வாங்கி வைத்தால் போதாது, உண்ண வேண்டும்.

மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரினைத் தொடங்குதலும், வீரியம் தரும் என்று விற்கப்படும் உட்பொருள் அறியாத லேகியங்களை உண்ணுதலும் வேண்டா. புகையும் பொடியும் அறவே ஒழிக. காலை வெயில் ஏறுமுன் நடந்து வாருங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமருங்கள். தசைக்கு அதுவே பள்ளிக்கூடம்.

மகளிர்க்கு ஒரு வேண்டுகோள். இம்மருத்துவத்தில் ஆண்மகன் சோர்வான். காரணமின்றிக் கண் கலங்குவான். தன் உடம்பைத் தானே அந்நியமாக உணர்வான். சோம்பல் என்று அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். மாலை நடைக்கு உடன் செல்லுங்கள். இளைஞர்களுக்கு ஒன்று. தந்தையாரின் வெட்கத்தை மதியுங்கள். ஆனால் அதற்குப் பணியாதீர்கள். மருத்துவர் முன் அமர்ந்து அவர் சொல்லத் தயங்குவதை நீங்கள் சொல்லுங்கள்.

புற்றுநோயைப் பல்லாண்டு வென்று நின்ற பெரியவர் ஒருவர், கவனியாத இதயத்தால் ஒரே இரவில் மறைவது தடுக்கக்கூடிய இழப்பு. அவ்விழப்பு நம் சமூகத்தில் ஒரு வீட்டிலேனும் தவிர்க்கப்படுமாயின், இவ்விழாவும் ஔடத தானம் செய்த புண்ணியம் பெறும்.

எல்லா உயிரும் நோயின்றி வாழ்க. அருகன் அறம் வெல்க. ஜெய் ஜினேந்திரா.